எங்கட கெரவன்

2023 ஜனவரியில் மெல்பேர்ணில் இருக்கிற சாச்சா வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வெள்ளைப் பெட்டி ஒன்று. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வீடு. கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவுற சிங்க், மடக்கினால் மேசை, விரித்தால் கட்டில். சாச்சி பிளேன்ரீ ஊத்துகிறா. அவட தலைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கடல். அந்த ரோட்டுக்கு கிரேட் ஓஷன் ரோட் என்று பெயராம். 243 கிலோமீற்றர். முதலாம் உலக யுத்தத்தில் இருந்து திரும்பி வந்த படையினர் 1919 இல் வெட்டத் தொடங்கி 1932 இல் முடித்த ரோட்டு. சாச்சா வீடியோவில் ஒரு கைட் மாதிரி இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

வாப்பா அதை எத்தனை தரம் பார்த்தார் என்று நாங்க எண்ணவில்லை. ரெண்டு நாள் கழித்துச் சோத்துக் கோப்பைக்கு முன்னால் இருந்து, “எங்களுக்கும் கடல் இரிக்கிதானே” என்றார். அவ்வளவுதான். பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கல்ல.

ஜூன் கடைசியில் ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வந்து, “கெரவன் புக் பண்ணியாச்சு” என்றார். நாங்க நம்பல்ல. அடுத்த நாள் அது வாசலில் வந்து நின்றது. ஊரில் கலியாணத்துக்கும் எயார்போட்டுக்கும் ஓடுகிற வாடகை வேன். பின்கதவில் இங்கிலீசில் எழுதியிருந்தது: நிசான் கெரவன். நாங்க விழுந்து விழுந்து சிரித்தோம். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. “எழுதியிரிக்கா இல்லையா? வாசிங்க பாப்பம்” என்றார்.

இதில் ‘நாங்க’ என்று வருவது வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும். எழுதுவது ஒரு கைதான். ஆனால் எது யாருடைய ஞாபகம் என்று இப்போது பிரிக்க முடியவில்லை. அதோடு இதில் வருகிற பிழையும் நாலு பேருக்கும் பொதுவானது.

அந்த வருசம் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 29, வியாழக்கிழமை. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறோம் என்று அரசாங்கம் வெள்ளிக்கிழமை வங்கிகளை மூடிவிட்டது. சனி, ஞாயிறு, திங்கள் போயா. நாடு வங்குரோத்தானதில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அந்த ஐந்து நாள் லீவு. டீசலுக்கு அப்போதும் கியூஆர் இருந்தது. டிரைவர் காக்கா கிழமைக்குக் கிழமை கோட்டாவை அடித்து கேனில் சேர்த்து வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை சுபஹோடு வெளிக்கிட்டோம். வேனின் கடைசி சீற்றைக் கழற்றி, அந்த இடத்தில் கேஸ் அடுப்பு, ரெண்டு சட்டி, உரப்பையில் அரிசி, குர்பான் இறைச்சியைப் பொரித்துப் போட்ட வாளி, மூத்தம்மாட வெத்திலைப் பெட்டி, பாய், தலகணி, நுளம்புச் சுருள், சவர்க்காரம், பழைய துணி, ஒரு கலன் தண்ணி. எங்களுக்கு அது அஞ்சு நிமிசத்தில் ஏறிய சாமான். உம்மா ரெண்டு மணிக்கே எழும்பிவிட்டா என்பதை ராத்தாதான் பிறகு சொன்னா. கடைக்குட்டி ஆளுக்கொரு தண்ணிப் போத்தலில் டேப் ஒட்டிப் பெயர் எழுதினாள். எட்டுப் போத்தல், டிரைவர் காக்காவுக்கும் சேர்த்து.

குறிஞ்சாக்கேணியில் இருந்து எங்கே போவதென்றாலும் முதல் கேள்வி தண்ணியை எப்படித் தாண்டுவது என்பதுதான். எங்கட பக்கத்தில் ‘பாதை’ என்றால் ரோட்டு இல்ல. ஆத்தையும் களப்பையும் கடக்கிற மிதப்புப் படகுக்குத்தான் பாதை என்று பெயர். பழைய பாலத்தை மூடிப் புதுப் பாலம் கட்டத் தொடங்கியபோது ஊருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் அப்படி ஒரு பாதை ஓடியது. 2021 நவம்பர் 23, காலையில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளோடு அது கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு ஜனாஸா. எங்கட வீட்டில் இருந்து அன்றைக்கு அதில் யாரும் ஏறியிருக்கல்ல. எங்கட ஊரில் ஒரு குடும்பம் அப்படிச் சொல்ல முடிவதே பெரிய விசயம். அன்றையில் இருந்து உம்மா தண்ணிக்கு மேலே எதிலும் ஏறுவதில்லை. கடைக்குட்டியை முழங்கால் தண்ணிக்குள்ளும் விடுவதில்லை.

நாங்க வெளிக்கிட்ட அந்த ஜூனிலும் பாலம் முடிந்திருக்கவில்லை. சுத்திப் போனோம். பாலத்தின் தூண்கள் தெரிகிற இடத்தில் உம்மா அந்தப் பக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டா.

அதற்குப் பிறகு தெற்கே போகிற ரோட்டு மூத்தம்மாவுடைய ரோட்டு. உப்பாறு, இறால்குழி, கங்கை என்று பாலம் பாலமாக வரும். ஒவ்வொன்றிலும் மூத்தம்மா, “இதுல பாத இருந்த” என்பா. அவட காலத்தில் மட்டக்களப்புக்கு இந்த வழியால் போவதென்றால் பஸ்ஸில் ஏறி, இறங்கி, பாதையில் ஏறி, இறங்கி, திரும்ப பஸ்ஸில் ஏற வேண்டும். பிறகு யுத்தம் வந்து அந்த வழியும் இல்லாமல் போய், ஹபறணை பொலன்னறுவை என்று நாட்டைச் சுத்திப் போன காலம். கிண்ணியாவில் 396 மீற்றர் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். மத்தப் பாலங்களும் யுத்தம் முடிந்த பிறகுதான் வந்தன. இப்போது ஒரு வெத்திலை சப்பி முடிவதற்குள் மூதூர் வந்துவிடுகிறது. மூத்தம்மாவுக்கு இதில் சந்தோசமா கவலையா என்று விளங்கல்ல. “பாதையில எண்டா நாலு மனிசரோட கதைக்கலாம்” என்றா.

தோப்பூரைத் தாண்டி எட்டு மணிக்குச் சாப்பாடு. இடியப்பம், இறைச்சி, சம்பல். மரத்தடியில் பாய் விரித்து உம்மா எல்லாருக்கும் பரிமாறினா. கச்சான் காத்து அப்போதே தொடங்கிவிட்டது. காத்தில்ல அது, அடுப்பு வாயில் இருந்து வருகிற சூடு. நாங்க போத்தல் போத்தலாகக் குடித்தோம். ஆம்பிளைகளுக்கு பத்தை இருந்தது. எங்களில் பொம்பிளைப் பிள்ளைகள் ரெண்டு பேரும் மூதூர்ப் பள்ளிவாசலில் இறங்கிவிட்டு வந்திருந்தோம். உம்மா இறங்கவில்லை. “எனக்கு வரல்ல” என்றா.

வெருகல் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். கதிரவெளி, வாகரை. ஒரு பக்கம் கடல் வந்து வந்து மறையும், மறுபக்கம் பத்தையும் மணலும். வாகரைக்குக் கிட்ட வரும்போது மூத்தம்மா திடீரென்று, “வண்டிய நிப்பாட்டு மகன். ஒண்டுக்குப் போகணும்” என்றா. வாப்பாவுக்குக் கோபம். இப்பதானே நிப்பாட்டின. கிட்டடியில் பள்ளிவாசலும் இல்ல. மூத்தம்மா அசையவில்லை. ரோட்டோரம் ஒரு வீட்டைக் காட்டி, “அதுல நிப்பாட்டு” என்றா.

தகரக் கூரை, கல் வீடு, வாசலில் துளசி. வாப்பா தயங்கினார். அந்தத் தயக்கத்துக்கு முப்பது வருசக் காரணம் இருக்கு, அதை இங்க அவிழ்த்தால் மூட முடியாது. மூத்தம்மா படலையடியில் நின்று கூப்பிட்டா. உள்ளே இருந்து உம்மாட வயசில் ஒரு அம்மா வந்தா, கையில் மாவோடு.

“என்ன புள்ள, எங்கால?”

“கிண்ணியாவால வாறம் மகள். கக்கூசுக்குப் போகலாமா?”

“ஐயோ, இதுக்கா வெயிலுக்க நிக்கிறீங்க. உள்ளுக்கு வாங்க.”

மூத்தம்மா போய் ரெண்டு நிமிசத்தில் வந்துவிட்டா. பிறகு உம்மா போனா. உம்மா வர நேரம் எடுத்தது. வந்தபோது முகம் கழுவியிருந்தா. அந்த அம்மா செம்பில் தண்ணி கொடுத்தா. உம்மா நின்றபடி வாங்கி, பிறகு இருந்து, முழுதாகக் குடித்தா. திரும்பவும் கேட்டு வாங்கிக் குடித்தா. அந்த அம்மா சும்மா பார்த்துக்கொண்டு நின்றா. “காலையில இருந்து குடிக்கல்ல என்ன தங்கச்சி?” என்று மட்டும் கேட்டா. உம்மா சிரித்தா. “ஓம் அக்கா.”

வேனில் ஏறியபோது கடைக்குட்டி உம்மாட போத்தலைத் தூக்கிக் காட்டினாள். மூடி திறபடவே இல்ல.

இங்கதான் எங்கட பிழை தொடங்குகிறது. தொடங்கியது எப்பவோ, எங்களுக்குத் தெரிந்தது இங்க. கொழும்புக்குப் போய் வந்தால் உம்மாவுக்கு ரெண்டு நாளில் காய்ச்சல் வரும். அடிவயிறு நோகும். சலத்தில் கிருமி என்று டொக்டர் மருந்து எழுதுவார், தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுவார். நாங்க பஸ் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்திருந்தோம். ‘உம்மாக்கு ட்ராவலிங் சரிவராது’ என்று சொந்தக்காரரிடம் கூடச் சொல்லியிருக்கிறோம். இரவு பஸ் நிறுத்துகிற கடையில், ஆம்பிளைகள் வரிசையில் நிற்கிற அந்த ஒத்தைக் கதவுக்குப் போக வெட்கப்பட்டு, முதல் நாள் மத்தியானத்தில் இருந்தே தண்ணியை நிறுத்திவிடுகிற ஒரு மனுசியை, பயணம் பிடிக்காத மனுசி என்று முடிவுகட்டியிருக்கிறோம். நாங்க ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகளும் சேர்ந்துதான். எங்களுக்கும் அதே கதவுதான், அதே வரிசைதான். நாங்க முறைத்துக்கொண்டு போய்விட்டு வருவோம், அல்லது அடக்கிக்கொண்டு இருப்போம். உம்மாவும் அப்படித்தான் செய்வா என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

ராத்தா ஒரு விசயம் சொன்னா. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வருகிற மூன்று நாளும் அய்யாமுத் தஷ்ரீக். அந்த நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாது. தின்னவும் குடிக்கவும் உள்ள நாட்கள். “உம்மா இப்ப நோம்பு பிடிச்சிக்கிட்டு இரிக்கிறா” என்றா. பகிடியாகத்தான் சொன்னா. யாரும் சிரிக்கல்ல. வாப்பா ஜன்னலால் கடலைப் பார்த்தார்.

எங்கட கரையோரத்தில் கெரவன் பார்க் கிடையாது என்று சொல்லக் கூடாது. இருக்கு. அதற்குப் பெயர் பள்ளிவாசல். ஒட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று ரோட்டு நெடுகக் கிடக்கு. வேனை நிறுத்தலாம், ஒளு எடுக்கலாம், குளிக்கலாம், லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு விறாந்தையில் கால் நீட்டிப் படுக்கலாம். ஃபேன் கூட ஓடும். காசு கேட்க மாட்டார்கள். சாச்சா ஒரு இரவுக்கு வேன் நிறுத்தக் கொடுக்கிற காசில் நாங்க ஒரு கிழமை சாப்பிடலாம். ஆனால் இந்த வசதியில் பாதி வேனுக்குத்தான். பெண்களுக்குத் தனி இடம் கட்டியிருக்கிற பள்ளிகள் இருக்கு. அங்க போனால் ராஜ மரியாதை. இல்லாத இடத்தில் வாப்பாவும் தம்பியும் இறங்கி, முகம் குளிர்ந்து, ஈரக்கையோடு திரும்பி வருவார்கள். நாங்க கண்ணாடியை ஏத்திக்கொண்டு வேனுக்குள் இருப்போம். கட்டியிருந்தாலும் சில இடத்தில் பூட்டுப் போட்டிருக்கும், சாவி ஒரு ஹஸரத்திடம் இருக்கும், அவர் சாப்பிடப் போயிருப்பார்.

அவுஸ்திரேலியாவில் நாடு முழுக்க எங்கெங்கே பொது மலசலகூடம் இருக்கு என்று அரசாங்கமே ஒரு வரைபடம் வைத்திருக்குது. ஃபோனில் பார்க்கலாம். சாச்சா அதை வீடியோவில் காட்டியிருந்தார்தான். நாங்க அந்த இடத்தைத் தள்ளிவிட்டுக் கடலைப் பார்த்தோம்.

பாசிக்குடாவுக்குப் பகல் ரெண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாப்பாவும் தம்பியும் ஜும்ஆவை ஓட்டமாவடியில் முடித்திருந்தார்கள். பாசிக்குடா பற்றி எழுதத் தேவையில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள். கரையில் இருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேலே ஏறாது. தம்பி ஓடிப்போய் விழுந்தான். வாப்பா சாரனை மடித்துக் கட்டினார். உம்மா மரநிழலில் பேக்குகளுக்கு நடுவே இருந்தா. கடைக்குட்டி உம்மாட பக்கத்தில் செருப்பைக் கழற்றாமல் இருந்தாள். “நீங்க போங்க, நான் சாமானப் பாக்கன்” என்றா உம்மா. நாங்க போனோம். அப்போதும் போனோம்தான். வாகரையில் வந்த யோசனை கடலைக் கண்டதும் போய்விட்டது.

இரவு காத்தான்குடியில் சொந்தக்காரர் வீடு. ரோட்டு நடுவில் ஈச்சை மரம், மின்விளக்கு, கொத்துக் கடைச் சத்தம். வாப்பா எங்களை மீரா ஜும்ஆப் பள்ளிக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். 1990 ஓகஸ்ட் 3, இஷாத் தொழுகை. அந்தச் சூட்டு அடையாளங்களைப் பூசாமல் வைத்திருக்கிறார்கள். திரும்பி நடக்கும்போது வாப்பா வாகரை வீட்டைப் பற்றிப் பேசினார். “நான் ஏன் நிப்பாட்ட யோசிச்சன் எண்டு இப்ப விளங்குதா?” என்றார். கொஞ்ச தூரம் போய், “ஆனா அந்த மனிசி யோசிக்கல்ல” என்றார்.

சனிக்கிழமை தெற்கே. கல்லாறு, மருதமுனை, கல்முனை என்று வீடும் கடையும் முட்டி மோதிக்கொண்டு கிடக்கிற ரோட்டு. ஒலுவிலில் ஒரு சின்ன வெற்றி. எங்களில் ஒருத்தி அங்கே கம்பஸில் கலைப்பீடத்தில் படிக்கிறாள். லீவு நாள், வாசலில் காவலாளி மட்டும். அட்டையைக் காட்டி, “உம்மாவும் மூத்தம்மாவும் கம்பஸப் பாக்க ஆசப்படுறாங்க” என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனோம். அவர்கள் பார்த்தது பெண்கள் பாத்ரூமை மட்டும். சுத்தமாக இருந்தது, தாழ்ப்பாளும் போட்டது. அந்த அட்டையால் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் பிரயோசனம் அதுதான். பட்டம் எடுத்த பிறகு இன்னும் ஏதும் கிடைத்தால் சொல்கிறோம்.

ஒலுவில் கடற்கரைக்கும் போனோம். 2013 இல் திறந்த துறைமுகம். வாயில் மண் அடைத்துக் கிடக்கு. அதற்கு வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்று, தென்னை மரங்கள் வேரோடு சரிந்து கிடக்கின்றன. மூத்தம்மா பார்த்துவிட்டு, “கடலுக்கு அணை கட்டினா அது வேற வழியாலதானே வரும்” என்றா. இந்தச் செலவில் கரை நெடுக என்னென்ன கட்டியிருக்கலாம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நேத்தில் இருந்து எங்களுக்கு எல்லாக் கணக்கும் ஒரே கதவில்தான் போய் நிற்குது.

அறுகம்பேக்கு அஸரோடு போய்ச் சேர்ந்தோம். சீசன் நேரம். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அங்கும் இங்கும். இதுதான் வாப்பாட திட்டத்தின் உச்சம். இன்றைக்கு அறை எடுப்பதில்லை, கெரவனில்தான் படுக்கை. கரைக்குக் கிட்ட, ஒரு தெரிந்தவருடைய மீன்வாடிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்தினோம். வாடிக்குப் பின்னால் ஓலையால் மறைத்த ஒரு கக்கூஸ் இருந்தது. வாப்பா முதலில் போய் அதைப் பார்த்துவிட்டு, வாளியில் தண்ணி இருக்கா என்றும் பார்த்துவிட்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “அதுல ஒண்டு இரிக்கி” என்றார். எங்கட வாப்பா மன்னிப்புக் கேட்டதை நாங்க பார்த்த ஒரே தடவை அது.

பெண்கள் வேனுக்குள், ஆண்கள் வெளியே பாயில். போயாவுக்கு ரெண்டு நாள்தான் இருந்தது, நிலா முழுசாகத் தெரிந்தது. உம்மா இறைச்சியைச் சூடாக்கி, வாங்கிய பாணோடு தந்தா. சாப்பிட்ட பிறகு கோப்பையைத் தம்பி கழுவினான். யாரும் சொல்லவில்லை. உம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சவக்காரம் போகல்ல மகன், திரும்பக் கழுவு” என்றா.

படுக்கும்போது மூத்தம்மாவிடம் கேட்டோம், வாகரையில் அவ்வளவு அவசரமா என்று. மூத்தம்மா வெத்திலையைக் கன்னத்தில் ஒதுக்கினா. “எனக்கு எங்க வந்தது? உங்கட உம்மாட முகத்தப் பாத்தன். அவ கேக்க மாட்டா. எனக்கென்ன, கிழவி. எங்கயும் கேப்பன்.” அவ வயசாகாமல் இருந்த காலத்தில் என்ன செய்தா என்று கேட்டோம். பாதைக்காகக் கரையில் மணிக்கணக்காகக் காத்திருந்த காலத்தில். “என்ன செய்ற? அவ செஞ்சதத்தான் நானும் செஞ்ச” என்றா. வேனுக்குள் கொஞ்ச நேரம் நுளம்புச் சுருள் புகைகிற வாசம் மட்டும். உம்மா நித்திரை மாதிரிக் கிடந்தா. நித்திரை இல்ல என்று எங்களுக்குத் தெரியும். வேனில் நித்திரை வரவே இல்ல, சாச்சாட பெட்டியில் மெத்தை இருக்கு, எங்கட பெட்டியில் சீற் கம்பி விலாவில் குத்துது. ஆனாலும் அலைச் சத்தம் அதே சத்தம்தான்.

ஞாயிறு திரும்பும் பயணம். கடைக்குட்டி கொப்பியில் ஒரு பட்டியல் தொடங்கினாள். அக்கரைப்பற்றில் பெண்கள் பகுதி திறந்திருக்கும் பள்ளி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு எண்ணெய் ஷெட், ஓட்டமாவடியில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஒவ்வொன்றுக்கும் மார்க். தாழ்ப்பாளுக்கு நாலு, தண்ணிக்கு நாலு, வெளிச்சத்துக்கு ரெண்டு. உம்மா இறங்கிப் போய் வந்து மார்க் சொல்லுவா. மிகக் கண்டிப்பான ரீச்சர். ஒரு இடத்துக்கும் பத்து விழவில்லை. களுவாஞ்சிக்குடியில் போத்தலைத் திறந்து உம்மா குடித்தா. நாங்க கை தட்டினோம். “பைத்தியங்கள்” என்றா.

பாசிக்குடாவில் திரும்பவும் நிறுத்தச் சொன்னது உம்மாதான். வெயில் இறங்கியிருந்தது, சனமும் குறைந்திருந்தது. அபாயாவோடு கரையில் நின்றா. செருப்பைக் கழற்றினா. பிறகு கடைக்குட்டியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணிக்குள் ஒரு எட்டு வைத்தா. கையைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தா, ரோட்டுக் கடக்கிற மாதிரி. கணுக்கால். முழங்கால். அதோடு நின்றுவிட்டா. அதற்கு மேலே போகவில்லை. பத்து நிமிசம் ரெண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கடைக்குட்டி கொஞ்சம் முன்னுக்கு இழுத்தாள். உம்மா விடவில்லை. நாங்க இந்த முறை கரையில் பேக்குகளோடு இருந்தோம். உம்மா ஏதாவது சொன்னாவா என்று பிறகு கடைக்குட்டியிடம் கேட்டோம். “கால் மண்ணுல பதியுதா எண்டு பாத்துக்கிட்டே இரி எண்டாங்க” என்றாள்.

ஊருக்கு வந்து சேர இரவு பத்து மணி. சுத்துப் பாதைதான். பாலத்தின் தூண்கள் நிலவில் வெள்ளையாகத் தெரிந்தன. உம்மா நித்திரையில் இருந்ததால் திரையை இழுக்கவில்லை.

அடுத்த நாள் போயா. சாச்சா வீடியோ கோல் எடுத்தார். வாப்பா வேனைப் பற்றியும், அறுகம்பே நிலாவைப் பற்றியும், இருநூறு கிலோமீற்றருக்கு மேலே கடலை விடாமல் வந்ததைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். கொஞ்சம் கூட்டியும் சொன்னார். சாச்சி இடையில் ஃபோனை வாங்கி உம்மாவைக் கேட்டா. உம்மா வந்ததும் சலாம் கூடச் சொல்லி முடியவில்லை, “ராத்தா, தண்ணி குடிச்சீங்களா?” என்றா.

உம்மா எங்களை ஒருதரம் பார்த்தா. பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலமாகியும் அவ வெளியே வரவில்லை, நாங்கதான் பிளேன்ரீ போட்டோம்.